ஒரே சட்டிச் சோறு

இரண்டு வருடத்துக்கு முன்னால், எஸ்டேட்டுகளில் காப்பிப் பழம் பறித்து முடிகிற தை மாதக் குளிரில், ஏற்காட்டில் எங்கள் வீட்டில் நடந்தது இது. யாரிடமும் இதை முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டி வரும், வயிற்றைப் பற்றிப் பேசினால் கக்கூஸைப் பற்றியும் பேச வேண்டி வரும். நம் ஊரில் சர்க்கரை நோயைப் பற்றிக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சத்தமாகப் பேசலாம். என் நோயைப் பற்றி ஆஸ்பத்திரியில்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். போகட்டும், இந்த வயதில் எனக்கு இனி என்ன வெட்கம்.

என் வீட்டுக்காரர் ஏற்காடு பஜாரில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். மிளகு, காப்பித்தூள், ஏலக்காய், கிராம்பு, தேன். ஏரியில் படகு விட்டுவிட்டு வருகிற சுற்றுலாக்காரர்கள் வாங்கிப் போவார்கள். எங்களுக்கு ஒரே மகள். அவள் பிளஸ் டூ படிக்கிறபோது எனக்கு இந்த நோய் வந்தது. பெயர் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகி, ரத்தமும் சளியுமாகப் போகும். ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணுவதையே விட்டுவிடுவோம். முதலில் எல்லோரும் மூலம் என்றார்கள். துத்தி இலை வதக்கிக் கொடுத்தார்கள், மாதுளம்பழத் தோல் அரைத்துக் கொடுத்தார்கள், கடைசியில் ஒருத்தர் இது கண்ணேறு என்று முடித்துவிட்டார். ஆறு மாதத்தில் நான் துரும்பாகிப் போன பிறகுதான் சேலத்தில் பெரிய டாக்டரிடம் போனோம்.

அந்த முதல் பயணத்தை மறக்கவே முடியாது. பஸ் பாதி மலை இறங்கியிருக்கும், எனக்கு வயிறு முறுக்கியது. இந்த நோய்க்காரர்களுக்குத்தான் தெரியும், அந்த முறுக்கல் வந்துவிட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள் என்கிற பேச்சுக்கே இடமில்லை. அவர் எழுந்து போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றது. நான் புதருக்குப் பின்னால் உட்கார, அவர் குடையை விரித்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்து "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க" என்று சத்தம் போட்டார். பஸ்ஸில் இருந்தவர்கள் நல்லவர்கள், திரும்பிக்கொண்டார்கள். குரங்குகளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை. ரோட்டோரச் சுவர் மேல் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. திரும்ப பஸ் ஏறும்போது நான் அழுதேன். "கொரங்குதானே புள்ள, ஊருக்குள்ள போயா சொல்லப்போகுது?" என்றார் அவர். அழுகையோடு அழுகையாகச் சிரித்துவிட்டேன்.

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நோயை அடக்குவது மாத்திரைதான், என்ன ஆனாலும் நிறுத்தக் கூடாது என்றார். சாப்பாட்டில் என்ன ஆகும், என்ன ஆகாது என்று என் வீட்டுக்காரர் கேட்டதற்கு, எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்ல முடியாது, நோய் கிளம்பி இருக்கும்போது காரம், பச்சைக் காய்கறி, விதை, தோல் எல்லாம் தள்ளி வையுங்கள், அடங்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள், எது ஒத்துக்கொள்கிறது என்று உங்கள் வயிறுதான் சொல்ல வேண்டும் என்றார். நான் அதைக் கேட்டுவிட்டு மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அடுப்படி அவர் கைக்குப் போய்விட்டது. நின்று சமைக்க எனக்குத் தெம்பில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவருக்கு இது ஒரு பரீட்சை நடத்துகிற மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்மா முடிந்து வரும்போது புதிதாக ஒரே ஒரு பொருள் கொண்டுவருவார். அதைத் தோல் சீவி, விதை எடுத்து, குழைய வேகவைத்து, ஒரே ஒரு கரண்டி தருவார். மறுநாள் முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "பாஸா, பெயிலா?" என்பார். சௌசௌ பாஸ். அவரைக்காய் பெயில். முட்டை பாஸ். பால் பெயில், மோர் கொஞ்சமாக என்றால் பாஸ். கேரட்டை மசித்தால் பாஸ், துண்டாக இருந்தால் பெயில். கொய்யாவும் பலாவும் பரீட்சைக்கே உட்காரவில்லை. காப்பியும் மிளகும் விளைகிற ஊரில் பிறந்து, மிளகு வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டு, இரண்டையும் தொடக் கூடாது என்றால் எப்படி இருக்கும்? கடையிலிருந்து அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிற வாசனையோடு சரி.

இதில் ஒரு விஷயம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கென்று வைத்த அந்த ஒரே சட்டியில்தான் அவரும் சாப்பிட்டார். குழைந்த சோறு, உப்பு மட்டும் போட்ட சௌசௌ, மசாலா இல்லாமல் அவித்த மீன். உங்களுக்குத் தனியாக ஒரு குழம்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். கோபப்பட்டேன், கெஞ்சினேன். "ஒரு ஊட்ல ரெண்டு சட்டி எதுக்கு? எனக்கே இப்பல்லாம் காரம் புடிக்கறதில்ல புள்ள" என்பார். யாரிடம் கதை விடுகிறார்! கல்யாணமான புதிதில் என் அம்மா வைத்த கறிக் குழம்புக்கே காரம் பத்தவில்லை என்று பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சாப்பிட்ட மனுஷன். நான் தொட முடியாத தட்டுக்கு எதிரில் நான் உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான் இப்படிச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். அதற்கு மேல் என்ன பேசுவது.

அவருடைய தங்கை, என் நாத்தனார், சேலத்தில் இருக்கிறாள். அண்ணன் மேல் உயிர். வரும்போதெல்லாம் என்னை நலம் விசாரித்துவிட்டு, அண்ணனின் தட்டைப் பார்ப்பாள். ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஆனால் அவள் பார்க்கிற பார்வையிலேயே எனக்குச் சோறு இறங்காது. மகள் கல்யாணத்தில்கூட அவர் பிரியாணிப் பந்தியில் உட்காராமல், எனக்காகக் கொண்டுவந்த சோற்றை என்னோடு சாப்பிட்டார். அன்றைக்கு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இப்படியே வருடங்கள் போயின. மகள் ஈரோட்டுக்குப் போய்விட்டாள். என் நோய் சில மாதம் அடங்கும், திடீரென்று கிளம்பும், மறுபடி அடங்கும். நாங்கள் இரண்டு பேரும் அதோடு வாழப் பழகிவிட்டோம். முதலில் போகப்போவது நான்தான் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தேகமே இருந்ததில்லை.

அன்று காலையில் வழக்கம்போல எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கடையின் ஷட்டரைப் பாதி தூக்கியபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்துக் கடைக்காரர்கள் ஜீப்பில் போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். எனக்குத் தகவல் வந்து நான் செருப்பைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாயங்காலத் தொழுகைக்கு முன்னாலேயே அடக்கமும் ஆகிவிட்டது. கரடியூரிலிருந்தும் வெள்ளக்கடையிலிருந்தும் அவரிடம் மிளகு கொண்டுவந்து போடுகிற விவசாயிகள் எல்லாம் பைக்கில் வந்து நின்றதாக மகள் சொன்னாள். நான் எதையும் பார்க்கவில்லை. உள்ளறையில் ஒரு மூலையில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். கணவரை இழந்தவள் நாலு மாதத்துக்கும் மேல் வெளியே போகாமல் வீட்டோடு இருக்க வேண்டும், இத்தா என்போம். அன்றிலிருந்து அது எனக்கு.

எங்கள் பக்கத்தில் மையத்தான வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், மூன்று நாளைக்கு அடுப்பு மூட்ட மாட்டார்கள். துக்கத்தில் இருக்கிறவர்கள் சமையலைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்று சொந்தக்காரர்களும் பஜார்க்காரர்களும் முறை வைத்துக்கொண்டு சாப்பாடு அனுப்புவார்கள். எவ்வளவு நல்ல பழக்கம்! அண்டா அண்டாவாக வந்தது. நெய்ச்சோறு, தால்ச்சா, கறி. அவருக்காக அழுதுகொண்டே சமைத்து அனுப்பினார்கள். ஆனால் அத்தனையிலும் நான் வாயில் வைக்கக் கூடியது ஒன்றுமில்லை. ஒருத்தரைக் குறை சொல்ல முடியாது. என் வயிற்றின் கணக்கு அந்த வீட்டில் ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும், அவரைத்தான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மகளுக்கு அரைகுறையாகத் தெரியும், ஆனால் அவள் அத்தா அத்தா என்று மயங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தாள். எழுந்து போய் எனக்குக் கொஞ்சம் வெறும் சோறு வடித்துக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு நா எழவில்லை. புருஷன் போன அன்றைக்கு இவளுக்குச் சாப்பாட்டில் பத்தியம் கேட்கிறது பார் என்று ஒருத்தர் நினைத்தாலும் செத்துவிடுவேன் என்று தோன்றியது. முதல் நாள் சர்க்கரைத் தண்ணீரோடு போயிற்று. மாத்திரை ஞாபகமே இல்லை. உள்ளங்கையில் வைக்க ஆள் இல்லையே.

இரண்டாம் நாள் மதியம் பெண்கள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். என்னையும் இழுத்து உட்கார வைத்தார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதிரில் நாத்தனார். கறியைப் பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது அவளுக்கு. "எங்கண்ணன் வாய்க்கு ருசியா ஒரு கவளம் திங்காமயே போயிட்டானே" என்று சொல்லி, அந்தக் கையாலேயே நெற்றியில் அடித்துக்கொண்டு அழுதாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வட்டத்தில் எல்லோருடைய கண்ணும் ஒரு நொடி என் மேல் வந்து போயிற்று.

நான் அந்தத் தட்டு முழுவதையும் சாப்பிட்டேன். பசிக்குச் சாப்பிடவில்லை. என்ன நினைத்துச் சாப்பிட்டேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் எனக்காக விட்ட அத்தனையையும் நான் ஒரே வாயில் தின்றுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. இனி இந்த வயிற்றைக் காப்பாற்றி யாருக்கு ஆகப்போகிறது என்றும் இருந்தது. வருஷக்கணக்கில் காரம் படாத நாக்கு எரிந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர்கள் அழுகிறேன் என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அழத்தான் செய்தேன்.

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், வயிறு கிளம்பிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரே ஒரு பாத்ரூம். வீடு நிறையப் பெண்கள், குழந்தைகள். நான் உள்ளே போனால் வெளியே வர முடியவில்லை, வந்தால் மறுபடி ஓட வேண்டியிருந்தது. வெளியே வரிசை நிற்கிறது. யாரோ ஒரு குழந்தை அவசரம் அவசரம் என்று கதவைத் தட்டுகிறது. உள்ளே ரத்தத்தைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். நான் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறேன் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். மகள்தான் கதவுக்கு வெளியே நின்று, "அம்மா, என்னங்கம்மா பண்ணுது, தொறங்கம்மா" என்று கெஞ்சினாள். அந்த நேரத்தில் அவர் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! என்னை இப்படிக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டு, நடுவில் இப்படிப் போட்டுவிட்டுப் போகலாமா என்று கத்த வேண்டும் போல இருந்தது.

ஒருவழியாக வந்து சுவரில் சாய்ந்து படுத்தேன். அப்போதுதான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கிற அம்மா உள்ளே வந்தார். அவரும் அவர் வீட்டுக்காரரும் சேர்ந்து நடத்துகிற கடை. கிறிஸ்தவக் குடும்பம். அவர் சர்ச்சுக்குப் போகும்போது வரும்போது பார்த்துச் சிரித்திருக்கிறேன், அவ்வளவுதான் பழக்கம். ஹோட்டல் பக்கமே நான் தலைவைத்துப் படுக்காதவள், பரோட்டாக் கடையோடு எனக்கு என்ன உறவு? கையில் ஒரு சின்னத் தூக்குப்போசி வைத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். உடனே சுற்றி இருந்தவர்களிடம், "ஏனுங்க, அக்காளுக்குச் சாப்பாடு என்னங்க குடுத்தீங்க?" என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

தூக்குப்போசியைத் திறந்தார். குழைந்த சோறு. அதிலேயே தோல் சீவி, உள்ளே இருக்கிற கொட்டையை எடுத்துவிட்டு மசித்த சௌசௌ. உப்பு, ஒரு சொட்டு நெய். என் வீட்டுக்காரர் வைக்கிற சோறேதான், பார்த்த உடனே தெரிந்துவிட்டது. "நேத்தே கொண்டாந்திருக்கணுங்க அக்கா. ஊடு நெறைய ஆளுங்க, எப்படி உள்ள வர்றதுன்னு இருந்துட்டேன்" என்றார். பாலும் மிளகாயும் சேர்க்கவில்லை என்று கேட்காமலேயே சொன்னார்.

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். நாத்தனாரைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், சேலை முனையைத் திருகினார். பிறகு சொன்னார்.

என் வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் அசர் தொழுதுவிட்டு நேராக இவர்கள் கடைக்குத்தான் போவாராம். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, கொதிக்கக் கொதிக்கச் சால்னா ஊற்றி, அதற்கு மேல் தன் சட்டைப் பையிலிருந்து தன் கடை மிளகுத்தூளையும் தூவிக்கொண்டு சாப்பிடுவாராம். ஒரு நாளும் தவறியதில்லையாம், நோன்பு மாதம் தவிர. "கறி உங்க பாய் கடையிலதானுங்க எடுக்கறோம், அதுல ஒண்ணும் கொறையில்லீங்க" என்று அவசரமாக நடுவில் சேர்த்துக்கொண்டார். சாப்பிடும்போதெல்லாம் என் வயிற்றைப் பற்றித்தான் பேச்சாம். இந்த வாரம் என்ன பாஸ், என்ன பெயில் என்று பஸ் டிரைவர்களுக்குக்கூடத் தெரியுமாம். கிளம்பும்போது இரண்டு ஏலக்காயை வாயில் போட்டு மென்றுகொண்டு, "எங்கூட்ல சொல்லிப்போடாதீங்கம்மா, அவளுக்கு மனசு நொம்பக் கஷ்டமாயிரும்" என்பாராம்.

எனக்கு ஏலக்காய் வாசனைதான் ஞாபகம் வந்தது. எத்தனை சாயங்காலம் அந்த வாசனையோடு வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து, அந்த உப்புச் சப்பில்லாத சோற்றை நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்திருப்பார்! வயதாகிவிட்டது, சாப்பாடு குறைந்துவிட்டது என்று நான் கவலைப்பட்டு, இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று போடுவேன். அதையும் திணறித் திணறித் தின்பார் பாவி மனுஷன்.

முதலில் சிரித்தது நாத்தனார்தான். மூக்கால் ஒரு சத்தம் வந்தது, அழுகிறாளோ என்று பார்த்தால் சிரிக்கிறாள். "களவாணி! எங்கண்ணன் சரியான களவாணி!" என்று தொடையில் அடித்துக்கொண்டாள். மகள் சிரித்தாள். சுற்றி இருந்த பெண்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மையத்து வீட்டில் இப்படிச் சிரிக்கிறார்களே என்று வாசலில் இருந்த ஆண்கள் எட்டிப் பார்த்திருப்பார்கள். எனக்கும் சிரிப்பு பீறிட்டது, வயிறு வலித்தது, வலியோடு சிரித்தேன். பிறகு எல்லோருமே ஒன்றாக அழ ஆரம்பித்தோம். அவர் போன பிறகு நான் வாய்விட்டு அழுதது அப்போதுதான்.

நாத்தனார் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பரோட்டாக் கடையம்மா கையிலிருந்து தூக்குப்போசியை வாங்கி, அந்தச் சோற்றைப் பிசைந்து எனக்கு ஊட்டினாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் அத்தனை வருஷம் இருந்ததைப் பற்றி நாங்கள் அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை. "மெதுவா தின்னுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

ஒரே வேளைச் சோற்றில் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. சரியாகவில்லை. நோய் நன்றாகவே கிளம்பிவிட்டது. இத்தாவில் இருந்தாலும் வைத்தியத்துக்குப் போகலாம் என்று பள்ளிவாசல் பெரியவர்கள் சொன்னதால், நாத்தனார் காரை வரவழைத்து என்னைச் சேலத்துக்குக் கூட்டிப் போனாள். ஆஸ்பத்திரியில் படுத்து, மருந்தைக் கூட்டி, பல வாரம் கழித்துத்தான் அடங்கியது. ஒரு தட்டுச் சோறு மட்டும் இல்லை, மாத்திரையை விட்டது, பட்டினி, அதிர்ச்சி எல்லாம் சேர்ந்திருக்கும் என்றார் டாக்டர். வீட்டுக்காரரைக் காணோமே, கூட வரவில்லையா என்றும் கேட்டார். நாத்தனார்தான் பதில் சொன்னாள்.

திரும்பி வந்த பிறகு பரோட்டாக் கடையம்மா அடிக்கடி தூக்குப்போசியோடு வருவார். உட்கார்ந்து பேசுவார். பிறகு ஒரு கட்டத்தில் உட்காருவது நின்றுவிட்டது. வாசலில் போசியை வைத்துவிட்டு, "அக்கா, வெச்சிருக்கேனுங்க" என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பாகப் பேசினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் கதவுக்குப் பின்னாலேயே காத்திருந்து கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டேன்.

நின்றுகொண்டே அழுதார். "நான் ஊத்துன சால்னாதானுங்க அண்ணன் நெஞ்ச அடச்சிருச்சு. பிரஷர் மாத்திரை சாப்புடறாருன்னு தெரியுங்க அக்கா, தெரிஞ்சுதானுங்க ஊத்துனேன். அவரு கேட்டா இல்லைன்னு சொல்ல மனசு வரலீங்க" என்றார்.

பொய் சொல்ல மாட்டேன். அந்த எண்ணம் எனக்கும் வந்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என்னோடு சாப்பிட்டதோடு நிறுத்தியிருந்தால் இன்னும் இருந்திருப்பாரோ என்று. சில நாள் இந்த அம்மாவின் மேல் கோபமாகவும் வந்தது. அவர் கொண்டுவந்த சோற்றையே தின்றுகொண்டு அவர் மேலேயே கோபப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் எதிரில் அவர் அப்படி நின்று அழுததைப் பார்த்ததும் எனக்கு வேறொன்று தெரிந்தது. ருசியாகத் தின்னவிடாமல் கொன்றுவிட்டேன் என்று நான் நினைத்தேன். ருசியாகப் போட்டுக் கொன்றுவிட்டேன் என்று இவர் நினைக்கிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? அந்த மனுஷன் இருந்திருந்தால் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

"நீங்க எதையும் தூக்கிச் சொமக்காதீங்க. அவரு நேரம் முடிஞ்சது, போயிட்டாரு" என்று சொல்லி, அவரை உட்கார வைத்தேன். பிறகு ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். என் வீட்டுக்காரர் உங்கள் கடையில் எப்படிச் சாப்பிடுவார், எனக்குச் சொல்லுங்கள் என்றேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொள்வாராம். முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொள்வாராம். அவ்வளவு குளிரிலும் நெற்றியில் வேர்க்குமாம், மூக்கு ஒழுகுமாம், அதைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டுவாராம். கடைசியில் விரல் ஒவ்வொன்றையும் சப்புவாராம், சின்னப் பிள்ளை மாதிரி. அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த மனுஷனை நான் கல்யாணமான புதிதில் பார்த்தது. என் நோய் வந்த பிறகு அவர் போன இடம் தெரியாமல் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். இல்லை, பஜாரின் அந்தக் கோடியில் தினமும் சாயங்காலம் இருந்திருக்கிறார்.

இப்போது என் சோற்றை நானே வடித்துக்கொள்கிறேன், மாத்திரையை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன். நோய் அடங்கித்தான் இருக்கிறது. அந்தச் சால்னா அவரைக் கொண்டுபோனதா என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை, இனி கிடைக்கப்போவதும் இல்லை. இன்றைக்கும் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் அழுகை வரத்தான் செய்கிறது. ஆனால் எனக்காக நாக்கைக் கட்டிக்கொண்டு ஒருத்தர் போய்விட்டாரே என்று அழுவதைவிட, எனக்குத் தெரியாமல் ஒருத்தர் வயிறார, வாய் நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார் என்று அழுவது எவ்வளவோ லேசாக இருக்கிறது.